மரைக்கார் அளந்த மலை

எவரெஸ்ட் மலையின் உச்சியில் இரண்டு பேர் ஏறி நின்ற செய்தி எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தபோது எனக்கு இருபத்துநான்கு வயது. ஆசிரியர் பயிற்சியை முடித்துக்கொண்டு வந்து, சாய்ந்தமருதில் ஒரு பாடசாலையில் பூமிசாத்திரம் படிப்பிக்கத் தொடங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதுவரை நான் ஏறியவற்றுள் மிக உயரமானது கல்முனையில் ஒரு துணிக்கடையின் மேல்மாடி. இருந்தாலும் பத்திரிகையைக் கையில் பிடித்துக்கொண்டு நான் வகுப்புக்குள் நுழைந்த விதத்தைப் பார்த்தவர்கள், அந்த இரண்டு பேரும் என்னிடம் வழி கேட்டுக்கொண்டுதான் போனார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

எங்கள் கரையில் மலை கிடையாது. மேடு என்றால் கடற்கரை மணல்தான். வயலுக்குப் போகிறவர்கள் மழை விட்ட காலைகளில் மேற்கே ஒரு நீலக் கோடு கண்டு மலை என்பார்கள். மேகம் என்று மறுப்பவர்களும் உண்டு. ஆகவே, இருபத்தொன்பதாயிரம் அடி என்று நான் கரும்பலகையில் எழுதியபோது ஒரு பிள்ளை எழுந்து, அது எத்தனை தென்னைமரம் சேர் என்று கேட்டது. கணக்குப் பார்த்து ஐந்நூறு தென்னைமரம் என்று முடிவு செய்தோம். அப்படியென்றால் நம்முடைய இலங்கையில் எது உயரம் என்பது அடுத்த கேள்வி. அந்தக் கேள்விக்கு வாயால் பதில் சொல்லிவிட்டு நான் சும்மா இருந்திருக்க வேண்டும்.

சும்மா இருக்கவில்லை. பிள்ளைகளைக் கடற்கரைக்கு அனுப்பிக் கடகம் கடகமாக ஈரமணல் கொண்டுவரச் செய்து, பாடசாலை முற்றத்தில் இலங்கையைக் கட்டினேன். முந்நூறு அடிக்கு ஓர் அங்குலம் என்று கணக்கு. அந்தக் கணக்கில் நுவரெலியாவுக்கு மேலே நிற்கும் பீதுருதாலகால மலை என் முழங்காலைத் தாண்டி உயர்ந்தது. எங்கள் ஊரார் எல்லாவற்றிலும் உயரம் என்று நம்பியிருந்த பாவா ஆதம் மலை அதைவிட மூன்று அங்குலம் குறைவாக நின்றது. உண்மையில் அது நான்காவதோ ஐந்தாவதோதான்; புத்தகத்துக்குப் புத்தகம் மாறும். முதலாவது இல்லை என்பதில் மட்டும் எந்தப் புத்தகத்துக்கும் சந்தேகமில்லை.

மூன்றாம் நாள் மரைக்கார் வந்தார். பள்ளிவாசல் நிர்வாகத்தில் தன் தாய்வழிக் குடியின் சார்பில் இருந்தவர் அவர். நிறைய வயல் உள்ளவர். எங்கள் பாடசாலை நின்ற நிலத்தைக் கொடுத்தவரும் அவர்தான். அதை அவர் ஒரு நாளும் மறந்ததில்லை; மற்றவர்களை மறக்க விட்டதுமில்லை. பாவா ஆதம் மலைக்கு மூன்று தரம் போய் வந்தவர் என்று ஊரில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, அவருடைய இளைய மகளை எனக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மணல் இலங்கையைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். குடையின் நுனியால் ஒரு மேட்டைக் காட்டி, இது எது என்று கேட்டார். பாவா ஆதம் மலை என்றேன். அப்போ இது என்று பக்கத்து மேட்டைக் காட்டினார். பீதுருதாலகால, இலங்கையில் அதுதான் உயரம் என்று சொன்னேன். குடையை இரண்டின் பக்கத்திலும் மாறிமாறி நட்டுப் பார்த்தார்.

"நம்மட ஆதம் நபி எறங்கின மலையவிட, வேதக்காரன்ட பேர் வச்ச மலை ஒசரமா, மாஸ்டர்?"

பேதுரு என்று அவருக்குக் கேட்டிருந்தது. அது பேதுரு இல்லை, பீதுரு, சிங்களத்தில் வைக்கோல் என்று கருத்து என்று விளக்கினேன். இது இன்னும் மோசமாகிவிட்டது. கிறிஸ்தவர்களின் மலை என்றால் குறைந்தபட்சம் ஒரு மரியாதை இருந்தது. வைக்கோல் அவருடைய களவெட்டியில் மாடு மிதிக்கக் கிடக்கும் சாமான்.

அவர் கோபப்படவில்லை. ஒரு கடகம் மண் போட்டால் சரியாகிவிடும் என்று சமாதானமாகத்தான் சொன்னார். பிள்ளைகள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அல்லாஹ் படைச்சத நான் கூட்டவும் ஏலா, குறைக்கவும் ஏலா, மரைக்கார்," என்றேன்.

மிகச் சாதுரியமான பதில் என்று அன்று முழுவதும் எனக்குள் மெச்சிக்கொண்டிருந்தேன். மலையைக் குட்டையாக்கியதை அவர் மன்னித்திருக்கவும் கூடும். மார்க்கத்தை அவருக்கே படித்துக் கொடுத்ததை எப்படி மன்னிப்பார்?

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் ஊர் இரண்டாகப் பிரிந்தது. இரண்டாக என்பது மரியாதைக்குச் சொல்வது; என் பக்கத்தில் நான் மட்டும்தான் இருந்தேன். வெள்ளைக்காரன் அளந்தபோது வேண்டுமென்றே குறைத்துவிட்டான் என்றார் ஒருவர். ஆதம் நபியின் உயரத்தையும் சேர்த்து அளக்க வேண்டும் என்றார் இன்னொருவர். கலியாணம் பேசிக்கொண்டிருந்த பெண்மணி எங்கள் வீட்டுக்கு வந்து, மரைக்கார் வீட்டில் இப்போது அறுவடை வேலை அதிகம் என்று சொல்லிவிட்டுப் போனாள். அது அறுவடைக் காலம் இல்லை. உம்மா சோற்றுப் பானையை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"மூணு அங்குலத்துக்கு ஒரு வீடும் வளவும் பொஞ்சாதியும் போகுது, மகன்."

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவது. ஆகவே உம்மா சொன்ன வரிசையில் பிழையில்லை.

மழைக்காலம் வந்து மணல் இலங்கையைக் கரைத்துக்கொண்டு போனது. அதோடு விஷயம் தீர்ந்துவிடும் என்று எண்ணியிருந்தேன். மலைக்குப் போகும் பருவம் தொடங்கியதும் மரைக்காரிடமிருந்து செய்தி வந்தது. கொண்டுவந்தவர் பள்ளிவாசல் மோதினார். ஐந்து நேரமும் பாங்கு சொல்பவர், மெலிந்த ஆள், அந்த உடம்புக்குள்ளிருந்து எப்படி அவ்வளவு பெரிய குரல் வருகிறது என்று எல்லோரும் வியப்பார்கள். மலையை மணலில் பார்த்துப் பேசாமல் கண்ணால் பார்க்க வரச்சொன்னார் மரைக்கார் என்றார். வருகிறேன், ஆனால் திரும்பும்போது நுவரெலியாவுக்கும் போய் மற்ற மலையிலும் ஏற வேண்டும் என்று பதில் அனுப்பினேன். எந்த மலைக்கும் தான் பயந்தவர் இல்லை என்று மறுபதில் வந்தது. சாட்சிக்கு மோதினார் கூட வருவதென்று முடிவாயிற்று. சாட்சியின் சம்பளத்தை மரைக்கார்தான் கொடுத்துக்கொண்டிருந்தார் என்பதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மட்டக்களப்பு, பதுளை என்று பஸ் மாறி, பிறகு ரயிலில் ஹட்டனுக்குப் போய், அங்கிருந்து தேயிலைத் தோட்டங்களுக்குள்ளால் மலையடிவாரத்திலுள்ள நல்லதண்ணிக்குப் போனோம். அந்தக் குளிரை எங்கள் கரையில் யாரும் கண்டதில்லை. மரைக்கார் மருதமுனைச் சாரன் இரண்டை ஒன்றின் மேல் ஒன்றாக உடுத்து, மூன்றாவதைத் தலையிலிருந்து போர்த்திக்கொண்டார். சூரியன் உதிப்பதைப் பார்க்க எல்லோரும் இரவில் ஏறுவது வழக்கம். விடியலில் மலையின் நிழல் கூம்பாக மேகத்தின் மேல் விழும் என்று நான் படித்திருந்தேன். தன் கண்ணுக்கு இருட்டு சரிவராது என்றார் மரைக்கார். ஆகவே அதிகாலையில் சுபஹுத் தொழுதுவிட்டு, மற்றவர்கள் இறங்கி வரும் நேரத்தில் நாங்கள் ஏறத் தொடங்கினோம்.

படியில் எதிர்ப்பட்ட சிங்கள யாத்திரிகர்கள் எல்லோரும் கருணை உண்டாகட்டும் என்ற கருத்தில் 'கருணாவை' என்று வாழ்த்திக்கொண்டு போனார்கள். மரைக்கார் ஒவ்வொருவருக்கும் ஸலாம் சொன்னார். யாரும் குறையாக நினைக்கவில்லை.

மூன்று தரம் வந்தவருக்கு வழியில் ஒன்றுமே ஞாபகமில்லை. ஓடையைக் கண்டதும் ஆச்சரியப்பட்டார். தேநீர்க் கொட்டிலைக் கண்டதும் ஆச்சரியப்பட்டார். தான் வந்த காலத்தில் மலை இப்படி இருக்கவில்லை என்றார். மலைதான் மாறிவிட்டது என்பதை ஏற்றுக்கொள்வதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

அவருக்கு மூச்சு வாங்கியபோதெல்லாம் நான் சரித்திரம் சொன்னேன். ஓய்வு கொடுக்கிறேன் என்பது சாட்டு. என் படிப்பைக் காட்டுவதுதான் நோக்கம். கடலில் வந்த அரபு மாலுமிகளுக்கு முதலில் தெரிந்தது இந்த மலைதான், தனியாகக் கூம்புபோல் நிற்பதால்தான் எல்லோரும் இதை மிக உயரம் என்று எண்ணிவிட்டார்கள் என்றேன். அறுநூறு வருடங்களுக்கு முன் மொரோக்கோவிலிருந்து ஒரு முஸ்லிம் பயணி புத்தளத்தில் இறங்கி, காடு கடந்து வந்து இதில் ஏறினார் என்றேன். இரத்தினபுரிப் பக்கத்துப் பழைய வழியில் பாறையில் இரும்புச் சங்கிலிகள் தொங்குவதையும், அவற்றை உலகை வென்ற கிரேக்க மன்னர் இஸ்கந்தர் போட்டார் என்று ஒரு கதை இருப்பதையும் சொன்னேன். எல்லாவற்றையும் சந்தோஷமாகக் கேட்டார். கடைசியாக, இந்த மலையில் முதன்முதல் ஏறிய வெள்ளைக்காரர் ஒரு பட்டாளத்து அதிகாரி, அதற்கு நூற்றைம்பது வருடம்கூட ஆகவில்லை என்றேன். பயிற்சிக் கல்லூரியில் பாராமல் ஒப்புவிக்கப் படித்த பாடம் அது.

"அதென்னத்துக்கு எழுதி வச்சிரிக்கி? அதுக்கு முந்தி வந்த ஆக்களெல்லாம் மனிசரில்லையா?" என்று கேட்டார்.

அந்த நேரம் எண்பது வயது மதிக்கத்தக்க ஒரு சிங்களக் கிழவி வெள்ளைச் சேலையோடு எங்களைத் தாண்டி இறங்கிப் போனாள். அவளுடைய பாட்டியின் பாட்டியும் அந்தப் பட்டாளத்து அதிகாரிக்கு முன்பே ஏறியிருப்பாள். அவளைப் பற்றி எந்தப் புத்தகத்திலும் இல்லை. அந்த அதிகாரியைப் பற்றி எழுதித்தான் நான் சோதனையில் நல்ல புள்ளி வாங்கியிருந்தேன்.

பாதிக்கு மேல் படி செங்குத்தாயிற்று. மரைக்கார் ஒரு கல்லில் உட்கார்ந்து, இனி எழும்ப மாட்டார் போலத் தலையைக் குனிந்துகொண்டார். மோதினார் எங்களுடைய பைகள் மூன்றையும் தோளில் போட்டுக்கொண்டு எப்போதோ மேலே போய்விட்டார். மரைக்கார் தலையைத் தூக்காமலே கதைத்தார்.

"மாஸ்டர், நான் ஒரு தரம்தான் வந்த. பன்ரெண்டு வயசு. அதும் வாப்பாட வேலைக்காரன்ட தோள்ள. மேல போய்ச் சேரல்ல, மழ வந்திட்டு."

திரும்புவோமா என்று கேட்டேன். எழுந்தார். கையால் படியைப் பிடித்துப் பிடித்து ஏறினார். நான் அவருடைய முதுகைத் தள்ளிக்கொடுத்தேன். ஐம்பத்தெட்டு வயது ஆள், அரிசி மூட்டைக் கனம். அந்த அரைநாளில் அவரை நான் மதித்த அளவுக்கு அதற்கு முன்பும் பின்பும் மதித்ததில்லை.

உச்சி ஒரு சிறிய முற்றத்தின் அளவுதான். அங்கே யாத்திரிகர்கள் அடிக்கும் ஒரு மணி, பாறையில் பதிந்த அந்தப் பாதச்சுவடு. நாம் ஆதம் நபியுடையது என்கிறோம். பௌத்தர்கள் புத்தருடையது என்கிறார்கள். சைவர்கள் சிவனுடையது என்கிறார்கள். நான் பார்த்தபோது மழைநீர் அரித்த பள்ளமாகவே தெரிந்தது. அதைப் பற்றி ஒரு விளக்கமும் என் நாக்கில் தயாராக இருந்தது. திரும்பிப் பார்த்தேன். மரைக்கார் இரண்டு கையையும் ஏந்தி, சின்னப் பிள்ளைபோல் தேம்பி அழுதுகொண்டிருந்தார். விளக்கத்தை விழுங்கினேன். என் வாழ்நாளில் நான் செய்த புத்தியுள்ள காரியங்களை எண்ணினால் அதையும் சேர்க்கலாம், பட்டியல் நீளமில்லை.

அழுகை கால் மணித்தியாலம்தான். மேகம் விலகியதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு வடகிழக்கே பார்த்தார். மலை மலையாக நீலம். எல்லாம் காலுக்குக் கீழே கிடப்பதுபோல் இருந்தது.

"எங்க உங்கட வைக்கல் மலை?"

காட்டினேன். மேகம் நகர்ந்ததும் இன்னொன்றைக் காட்டினேன். பிறகு முதல் காட்டியதுதான் என்றேன். அவர் என்னை விட்டுவிட்டு, அங்கே நின்றவர்களிடம் போனார். காவலுக்கு நின்ற சிங்களப் பொலிஸ்காரரிடமும், தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு வந்திருந்த ஒரு தமிழரிடமும், கொழும்பிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் வியாபாரியிடமும் இலங்கையில் எது உயரமான மலை என்று விசாரித்தார். மூன்று பேரும் தங்கள் காலடியைக் காட்டினார்கள். பாதம் யாருடையது என்று கேட்டிருந்தால் மூன்று பதில் வந்திருக்கும். உயரத்தில் அவர்களுக்குள் ஒரு பிணக்கும் இல்லை. அங்கே ஒற்றுமையைக் குலைக்க நின்றவன் நான் ஒருவன்தான்.

நுவரெலியாவுக்குப் போய்ச் சேர்ந்தபோது மரைக்காரின் முழங்கால்கள் இரண்டும் வீங்கியிருந்தன. கடைத்தெருவில் நம்மவர் ஒருவரின் தேநீர்க்கடையில் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர், வைக்கோல் மலைக்கு மோதினார் போனால் போதும் என்று சொல்லிவிட்டார்.

பீதுருதாலகாலவில் ஏறுவது ஒரு சோம்பல் நடை. நகரம் ஏற்கெனவே ஆறாயிரம் அடிக்கு மேல் இருப்பதால், மிச்சத்தைக் காட்டுக்குள் ஒற்றையடிப் பாதையில் நடந்தே முடித்துவிடலாம். படி இல்லை, கொட்டில் இல்லை, மணி இல்லை. பாசி பிடித்த கோணல் மரங்களிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வழியில் ஒரு மனிதரைக்கூட நாங்கள் காணவில்லை. உச்சியில் நில அளவைக்காரர்கள் குவித்த கற்கள் கிடந்தன. மோதினார் அந்தக் கற்களைச் சுற்றி நடந்து, குனிந்து, எதையோ தேடினார்.

"இங்க என்ன இரிக்கி, மாஸ்டர்?"

உயரம் என்றேன்.

"வேற ஒண்டும் இல்லையா?"

தென்மேற்கில், மேகத்துக்கு மேலே ஒரு பல் முளைத்ததுபோல் பாவா ஆதம் மலை தெரிந்தது. கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, அது நமக்குக் கீழேதான் இருக்கிறது என்று மோதினார் தானாகவே சொன்னார். அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல் இருந்தது. நண்பகல் லுஹர்த் தொழுகை நேரமாகிவிட்டதால் அந்தக் கற்குவியலின் பக்கத்தில் நின்று பாங்கு சொன்னார். இலங்கையின் மிக உயரமான இடத்தில், இலங்கையின் மிகப் பெரிய குரலில் சொன்ன பாங்குக்குத் தொழ வந்து சேர்ந்த ஜமாஅத் நான் ஒருவன்தான். நாங்கள் இரண்டு பேரும் ஈரப் புல்லில் தொழுதுவிட்டு இறங்கினோம்.

ஊருக்கு வந்த அடுத்த வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசல் விறாந்தையில் எல்லோரும் கூடினார்கள். மோதினாரைச் சாட்சி சொல்லக் கேட்டார்கள். அவர் மரைக்காரையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. தூணைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"மாஸ்டர்ட மலையில நிண்டு பார்த்தா, பாவா ஆதம் மலை கீழ தெரியிது. பாவா ஆதம் மலையில நிண்டு பார்த்தா, மாஸ்டர்ட மலை கீழ தெரியிது. நான் கண்டது அவ்வளவும்தான்."

ஒரு சொல்லும் பொய் இல்லை. இவரைப் பாங்கு சொல்ல வைத்திருக்கிறார்களே, பாராளுமன்றத்துக்கு அனுப்பியிருக்க வேண்டாமா என்று நினைத்தேன்.

பிறகு மரைக்கார் எழுந்தார். தான் நாலாம் தரமும் மலைக்குப் போய் வந்ததை முதலில் அறிவித்தார். நாலாம் தரம் என்று சொல்லும்போது அவருடைய கண் ஒரு கணம் என் மேல் பட்டது. நான் என் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு தீர்ப்புச் சொன்னார். சோதினைக்கு மாஸ்டரின் மலை உயரம்; ஊருக்கு நம்முடைய மலை உயரம்; பிள்ளைகளுக்கு இரண்டையும் படிப்பிக்க வேண்டும்; மாஸ்டருக்குச் சம்மதமா?

ஓம் என்றேன்.

மூன்றாம் நாள் கலியாணம் பேசும் பெண்மணி வந்தாள். மரைக்கார் வீட்டு அறுவடை ஒருவாறு முடிந்திருந்தது.

கலியாணம் நடந்து, நான் மரைக்காரின் மருமகனாக, மகளுக்கென்று அவர் கட்டிக் கொடுத்த வீட்டுக்குக் குடிபோனேன். என் மனைவியோடு நான் முதன்முதல் ஒழுங்காகக் கதைத்தது நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ. அதுவரை இருவருக்கும் வெட்கம். அவள்தான் தொடங்கினாள். வாப்பா எத்தனை தரம் மலைக்குப் போனார் என்று கேட்டாள். நாலு தரம் என்றேன். சிரித்தாள். தன் உம்மா வேறு கணக்குச் சொல்வார் என்றாள்.

"படிச்ச மாப்பிள எண்டாங்க. நீங்களும் நம்மட வீட்டு ஆக்களப் போலதான்."

அவளும் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். பீதுருதாலகாலவின் உயரத்தை அடிக்கணக்கில் சரியாகச் சொன்னாள்.

அந்த வருடம் பாடசாலையைப் பரிசோதிக்க வித்தியாதரிசி வந்தார். வெளியூர்க்காரர், சைவர், திருநீறு பூசியவர். என் வகுப்புக்குள் வந்து, இலங்கையின் மிக உயரமான மலை எது என்று முன்வரிசைப் பிள்ளை ஒன்றிடம் கேட்டார். அது நல்ல பிள்ளை. நான் படிப்பித்ததை ஒன்றும் விடாமல் வைத்திருந்தது.

"சோதினைக்கா சேர், ஊருக்கா?"

வித்தியாதரிசி என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் பிள்ளையிடம் இரண்டையும் சொல்லச் சொன்னார். சோதினைக்குப் பீதுருதாலகால, ஊருக்குப் பாவா ஆதம் மலை என்று பிள்ளை ஒப்புவித்தது. உயரத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது மலையின் பெயர் பிழை, அது சிவனொளிபாதமலை என்று திருத்தினார். என் படிப்பித்தலைப் பற்றித் திருப்தி என்று எழுதிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து இதை மனைவியிடம் சொன்னேன். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"அவர் நாம வச்ச பேரத் திருத்தக்குள்ள நீங்க என்ன சொன்ன?"

ஒன்றும் சொல்லவில்லை என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டு, செதிலைச் சுரண்டத் தொடங்கினாள்.